சிகிச்சை இலவசம், சோற்றுக்கு யார் பொறுப்பு?

சென்ற மாதம் ஒரு மாலை, போர்ட் பிளேரில் உள்ள நமது தொழிற்சங்க அலுவலகத்திற்குத் துறைமுகத் தொழிலாளியான தோழர் ஒருவர் வந்திருந்தார். 2024 செப்டம்பரில் இந்நகரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று ஒன்றிய அரசு மாற்றிவிட்டது. ஆனால் படகுத்துறையிலும் பேருந்திலும் மக்கள் நாவில் இன்றும் போர்ட் பிளேர்தான் இருக்கிறது. நானும் அப்படியே எழுதுகிறேன். தோழருக்கு வாய்ப்புற்றுநோய். மெயின்லேண்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து, 33 முறை கதிர்வீச்சு பெற்று, கப்பலில் திரும்பியிருந்தார். போகும்போது அவர் எடை 58 கிலோ. திரும்பியபோது 46.

அவர் வந்தது நலம் விசாரிக்கப்படுவதற்காக அன்று. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். மருத்துவமனையில் கொடுத்த உணவுக் குறிப்பு. முழுவதும் ஆங்கிலம். "தோழரே, நீங்கள்தானே கட்சித் தீர்மானத்தையெல்லாம் தமிழில் போடுகிறீர்கள், இதையும் போட்டுக் கொடுங்கள்" என்றார். நாக்கின் ஒரு பகுதியை இழந்தவர் பேசுவது எளிதன்று. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

கால் நூற்றாண்டாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். அரசியல் தீர்மானங்கள், நிதிநிலை அறிக்கை மீதான விமர்சனங்கள், மாநாட்டு வரைவுகள் எனப் பக்கம் பக்கமாகப் பெயர்த்திருக்கிறேன். அந்த ஒற்றைத் தாள் என்னைத் திணறடித்தது. அதில் ஓட்ஸ் இருந்தது, பன்னீர் இருந்தது, பாதாம் இருந்தது, சால்மன் மீன் இருந்தது. வங்காள விரிகுடாவின் நடுவில் வாழும் மனிதருக்கு, அவர் வீட்டு வாசலில் துள்ளும் மீனை விட்டுவிட்டு வடகடலின் மீனைப் பரிந்துரைத்திருந்தார்கள். மேலே தடித்த எழுத்தில் புரதம் நிறைந்த உணவு என்று பொருள்படும் தலைப்பு. அதை நான் படித்துச் சொன்னதும் தோழர் கேட்டார்: "புரதம் என்றால் எது? எந்தக் கடையில் வாங்குவது?"

தமிழில் முதுகலை படித்தவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லிவிடலாம். புரதம் என்பது நம் மொழியில் பிறந்த சொல் அன்று. கிரேக்க வேரிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போன சொல்லை, ஒலியைத் தழுவி நாம் ஆக்கிக்கொண்டது. முதன்மையானது என்பது அதன் மூலப் பொருள். பாடநூலில் அது நிலைத்துவிட்டது, அடுப்படியில் நுழையவில்லை. அடுப்படியில் பருப்பு இருக்கிறது, முட்டை இருக்கிறது, மீன் இருக்கிறது, மோர் இருக்கிறது. இவற்றின் பெயர்களைச் சொல்லாமல் புரதம் என்று மட்டும் சொல்வது, தொழிலாளியிடம் கூலி உயர்வைச் சொல்லாமல் உபரி மதிப்பு என்று மட்டும் சொல்வதைப் போன்றது. நாமும் அந்தத் தவற்றைச் செய்வதுண்டு.

அந்தத் தாளைத் தமிழாக்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதைப் பெயர்க்கும்போது எழுந்த கேள்விகள் என்னை விடவில்லை. அவற்றையே தோழர்கள்முன் வைக்கிறேன்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் உடல் எடை குறைவதை நாம் நோயின் இயல்பு என்று எண்ணிப் பழகிவிட்டோம். "அந்த வியாதி வந்தால் இளைத்துத்தான் போவார்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம். இதில் பாதி உண்மை. நோய் உடலின் வளர்சிதை மாற்றத்தையே குலைக்கிறது, தசை கரைகிறது, பசி மங்குகிறது. மறுபாதி, சாப்பிட முடியாமையும் சாப்பிடக் கிடைக்காமையும். கதிர்வீச்சில் வாயும் தொண்டையும் வெந்து புண்ணாகின்றன. கீமோதெரபி மருந்துகள் குமட்டலைத் தருகின்றன. நாவில் எதை வைத்தாலும் இரும்பைச் சுவைப்பது போல் இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வார்கள். இந்நிலையில் உடல் தன் தசையையே எரித்து வாழத் தொடங்குகிறது. தசை குறைந்தால் மருந்தைத் தாங்கும் திறன் குறைகிறது. புண் ஆறுவது தாமதமாகிறது. தொற்று எளிதில் பற்றுகிறது. அடுத்த தவணை மருந்தை மருத்துவர் தள்ளிப் போடுகிறார் அல்லது அளவைக் குறைக்கிறார். அதாவது, உணவுக் குறைவு சிகிச்சையையே வெட்டுகிறது. புற்றுநோயாளர்களின் இறப்புகளில் 10 முதல் 20 விழுக்காடு வரை புற்றுக் கட்டியினால் அல்லாமல் ஊட்டக் குறைவினால் நேர்பவை என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல் மதிப்பிடுகிறது. ஐரோப்பாவிலேயே இப்படியென்றால் கட்சாலிலும் ஹட்பேயிலும் நிலை என்னவாக இருக்கும் என்பதைத் தோழர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அதே வழிகாட்டுதல், நோயாளியின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல், கூடுமானால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது. நலமாக இருக்கும் இந்தியருக்கு நமது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு கிலோவுக்கு 0.83 கிராம். 50 கிலோ எடையுள்ளவர் நலமாக இருக்கையில் சுமார் 42 கிராம் போதும். சிகிச்சைக் காலத்தில் அவருக்கே 50 முதல் 75 கிராம் வரை தேவை. பசி பாதியாகக் குறையும் காலத்தில்தான் தேவை இத்தனை மடங்கு கூடுகிறது என்பதே இந்நோயின் கொடுமை.

இப்போது ரேஷன் கடைக்கு வருவோம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். அரிசி என்றே கொள்வோம். முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 166 கிராம். அதில் உள்ள புரதம் ஏறத்தாழ 13 கிராம். மீதிக்கு? 2013ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியம் ஆகியவற்றோடு நின்றுவிட்டது. பருப்பையும் எண்ணெயையும் சேர்க்க வேண்டும் என்று இடதுசாரிகள் அன்றே வலியுறுத்தினோம், ஏற்கப்படவில்லை. தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்குத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறதென்றால், 2007 முதல் அதற்கென மாநில அரசு தன் நிதியைச் செலவிட்டு வருவதால்தான். அங்கே ஒரு சட்டமன்றம் இருக்கிறது, கேள்வி கேட்க உறுப்பினர்கள் இருக்கிறார்கள், தேர்தல் வருகிறது. அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் இல்லை. ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். மற்றதெல்லாம் துணைநிலை ஆளுநரும் உள்துறை அமைச்சகமும். பருப்பு விலையைப் பற்றி ஒரு தீவுவாசி யாரிடம் போய் முறையிடுவது?

பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, பால் பவுடர் எல்லாம் கப்பலில் வர வேண்டும். சென்னையிலிருந்து இங்கே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். புயல் சின்னம் தோன்றிக் கப்பல் நான்கு நாள் தாமதித்தால் அபர்தீன் பஜாரில் விலைப் பலகை மாறிவிடும். போர்ட் பிளேரில் ஏறிய விலை, அங்கிருந்து வேறொரு படகில் லிட்டில் அந்தமானுக்கோ கேம்பல் பேக்கோ போகும்போது மீண்டும் ஏறும். இதையெல்லாம் எழுதும்போதே ஒரு முரண் உறுத்துகிறது. இத்தீவுகளைச் சுற்றியுள்ள தனிப் பொருளாதாரக் கடல் மண்டலம் சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்தத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு. உலகின் மிகச் சிறந்த புரதங்களில் ஒன்று நம்மைச் சுற்றி நீந்திக்கொண்டிருக்கிறது. ஜங்லிகாட் மீன் இறங்குதுறையில் போய் நின்றால் வஞ்சிரமும் சூரையும் பனிக்கட்டிப் பெட்டிகளில் அடுக்கப்படுவதைக் காணலாம். நல்ல மீன் பெட்டிக்குள் போகிறது. பிடித்தவன் வீட்டில் குழம்புக்குச் சிறு மீன் போகிறது. இதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. மத்திச் சாளைக்கும் வஞ்சிரத்துக்கும் விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் வேறுபாடு, புரதத்தில் இல்லை. இரண்டிலும் 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம்வரை இருக்கிறது. தோழரின் துணைவியாரிடம் இதைச் சொன்னபோது, அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். விலை கூடியதில்தான் சத்து இருக்கும் என்ற எண்ணத்தைச் சந்தை நம் எல்லோருக்குள்ளும் ஊன்றியிருக்கிறது.

மீனைப் பற்றிப் பேசினால் பத்தியத்தைப் பற்றியும் பேச வேண்டும். நம் வீடுகளில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவருக்கு மீன் கூடாது, புண்ணில் சீழ் வைக்கும் என்பார்கள். முட்டை சூடு. கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான். தயிர் சளி. பருப்பு வாயு. ஒவ்வொன்றாக விலக்கிய பின் எஞ்சுவது ரசம் சாதமும் அரிசிக் கஞ்சியும் ரொட்டியும். பத்தியம் என்ற மரபை நான் இழிவு செய்யவில்லை. நோயாளியின் உணவில் கவனம் வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. ஆனால் தசை கரைந்துகொண்டிருக்கும் உடலிலிருந்து மீனையும் முட்டையையும் பருப்பையும் ஒருசேரப் பறிப்பது கவனம் ஆகாது. புண் ஆறுவதற்கு வேண்டிய மூலப்பொருளே புரதம்தான். சில படித்த குடும்பங்களிலோ வேறொரு மூடநம்பிக்கை கைப்பேசி வழியாக நுழைந்திருக்கிறது: நன்றாகச் சாப்பிட்டால் கட்டியும் வளரும், பட்டினி போட்டால் கட்டி செத்துவிடும் என்பது அது. பட்டினியில் முதலில் சாவது நோயாளியின் தசை. கட்டி தனக்கு வேண்டியதை உடலிலிருந்து எடுத்துக்கொள்ளவே செய்யும்.

தோழருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில், அந்த ஆங்கிலத் தாளை அப்படியே பெயர்க்காமல், இங்கு செவிலியராகப் பணிபுரியும் நம் தோழர் ஒருவரையும் அருகில் வைத்துக்கொண்டு, கிடைப்பதைக் கொண்டு ஒரு நாள் கணக்கு போட்டோம். 200 கிராம் அரிசியில் 15 கிராம் புரதம். இரண்டு முட்டையில் 12. 50 கிராம் பருப்பில் 11. அரை லிட்டர் பாலிலோ அதற்கு ஈடான பால் பவுடரிலோ தயிரிலோ 16. 100 கிராம் மீனில் 18. கூட்டினால் 72 கிராம். ஓட்ஸும் இல்லை, சால்மனும் இல்லை, விளம்பரத்தில் வரும் டப்பா மாவும் இல்லை. மீன் இல்லாத நாளில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம். சைவம் உண்பவர்கள் சோயா உருண்டையை மறந்துவிடக் கூடாது; எடைக்கு எடை அதில் பாதி புரதம்.

வாயெல்லாம் புண்ணாக இருப்பவர் இதை எப்படிச் சாப்பிடுவார்? மூன்று வேளை இலை போட்டுச் சாப்பிட முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு கிண்ணம். முட்டையை நன்கு வேகவைத்துக் குழைத்துக் கஞ்சியில் விடுவது, பருப்பை மசித்துச் சாதத்தோடு கூழாக்கி ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுவது, முள்ளில்லாத மீனை ஆவியில் வேகவைத்து உதிர்ப்பது, காரத்தையும் புளிப்பையும் சில வாரங்களுக்கு மறந்துவிடுவது. உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வாய் கொப்பளிப்பது. குமட்டல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்வது. இரும்புச் சுவை தட்டுகிறவர்கள் எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாக மரக் கரண்டியைப் பயன்படுத்திப் பார்க்கலாம். இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால், கடைவீதியில் வெட்டி வைத்த பழம் ஆகியவை வேண்டாம். பழைய சோற்றையும் அந்த நாள்களில் தள்ளி வைப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இவ்வளவையும் ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் எழுத முடிந்தது. இதை எழுதிக் கொடுக்க ஒரு மருத்துவமனைக்கு ஏன் முடியவில்லை என்பதுதான் கேள்வி. வங்காளியிலும் தெலுங்கிலும் நிக்கோபாரியிலும் இது வேண்டும். தீவுகளின் மக்களில் தமிழர் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். நோய்க்கு மொழி இல்லை.

ஆனால் எழுதிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்ததாக நான் எண்ணவில்லை. மேற்சொன்ன கணக்கில் அரிசி ஒன்றுதான் ரேஷனில் வருகிறது. மீதி நான்கையும் கைக்காசில் வாங்க வேண்டும். யாருடைய கைக்காசு? வேலைக்குப் போக முடியாத தினக்கூலித் தொழிலாளியின் கைக்காசு. அவருக்குத் துணையாகப் போனதால் தன் வேலையையும் இழந்த அவர் துணைவியாரின் கைக்காசு.

சிகிச்சைச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்கிறது. மருத்துவமனையில் படுக்கையில் இருக்கும் நாள்களில் சாப்பாடும் அதில் அடக்கம். கதிர்வீச்சுச் சிகிச்சையின் தன்மை என்ன? வாய், தொண்டைப் புற்றுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள். படுக்கை தர மாட்டார்கள், தரத் தேவையும் இல்லை. உள்ளூர்க்காரர் வீட்டுக்குப் போய் மறுநாள் வருவார். தீவுவாசி எங்கே போவார்? நெடுங்காலமாகக் கதிர்வீச்சுக்கும் பெரிய அறுவைச் சிகிச்சைக்கும் நம் மக்கள் சென்னைக்கும் வேலூருக்கும் கொல்கத்தாவுக்கும் போய் வருகிறார்கள். நம் தோழர் ஏழு வாரமும் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். அறையில் சமைக்கக் கூடாது என்று விதி. துணைவியார் ஒரு மின் கெட்டிலில் திருட்டுத்தனமாக முட்டை அவித்திருக்கிறார். லாட்ஜ்காரர் கண்டுபிடித்துக் கெட்டிலை எடுத்துச் சென்றுவிட்டார். அதன்பின் கடை இட்லி, கடைச் சாம்பார், ஐந்தாவது வாரத்திலிருந்து அதுவும் இறங்காமல் இளநீரும் பன் தோய்த்த டீயும். பன்னிரண்டு கிலோ போனது இப்படித்தான். காப்பீட்டுப் பட்டியலில் இயந்திரத்துக்குக் கட்டணம் இருக்கிறது, மருந்துக்கு இருக்கிறது. அந்த இயந்திரத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டிய உடலுக்கு இரண்டு முட்டை இல்லை.

இது முடியாத காரியமா? காசநோயைப் பாருங்கள். 2018 ஏப்ரல் முதல் காசநோயாளிகளுக்கு ஊட்டத்துக்கென மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நாளொன்றுக்கு 33 ரூபாய்தான், போதாது, உரிய காலத்தில் வருவதும் இல்லை என்று காசநோயாளிகள் முறையிடுகிறார்கள். ஆனாலும் உணவு சிகிச்சையின் பகுதி என்பதை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது, அதுதான் முக்கியம். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நோயாளிக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள், நாளொன்றுக்கு 52 கிராம் புரதம் வரும்படி கொடுத்தார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அவ்வீடுகளில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. காசநோய் வறுமையின் நோய். புற்றுநோய் அப்படியே அதைப் போன்றதன்று. உணவு புற்றைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்பவர்களை நம்பவும் கூடாது. சிகிச்சையைத் தாங்கும் உடலை உணவு காக்கும் என்பது மட்டுமே வாதம். அந்த வாதம் காசநோயாளிக்குப் பொருந்தும்போது புற்றுநோயாளிக்கு ஏன் பொருந்தாது?

2025-26 நிதிநிலை அறிக்கையில், மூன்றாண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள், அவ்வாண்டிலேயே 200 மையங்கள் என்று ஒன்றிய நிதியமைச்சர் அறிவித்தார். வரவேற்போம். கீமோதெரபிக்காகக் கடல் கடக்கும் கொடுமை அதனால் குறைந்தால் நல்லதே. அந்த மையத்தில் மருந்து ஏற்றும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஓர் உணவியலாளரும் ஓர் எடை பார்க்கும் கருவியும் ஒரு வேளைச் சாப்பாடும் இருக்குமா என்பதைக் கேட்க வேண்டும். கிரேட் நிக்கோபாரில் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் 72,000 கோடி ரூபாய் என்று திட்டம் போட்டவர்களிடம் பணம் இல்லை என்ற பதிலை ஏற்க முடியாது.

இந்தத் தீவுகளில் சோறு என்பது முன்பே அரசியல் கோரிக்கையாக இருந்திருக்கிறது. 1933 மே மாதம் செல்லுலார் சிறையில் அரசியல் கைதிகள் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கினார்கள். தின்னத் தகுந்த உணவு, படிக்க விளக்கு, புத்தகம், செய்தித்தாள் ஆகியவை அவர்கள் கேட்டவற்றுள் முக்கியமானவை. மூக்கில் குழாயைச் செருகிக் கட்டாயமாகப் பால் ஊற்றினார்கள். அதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிரிழந்தனர். அந்தச் சிறைக்குள்தான் பின்னர் கம்யூனிஸ்ட் குழு உருவாயிற்று; சிவ வர்மாவும் ஹரேகிருஷ்ண கோனாரும் அங்கிருந்து வந்தவர்கள். நம் தோழருக்கும் ஆறாவது வாரத்தில் மூக்கில் குழாய் வைத்தார்கள். அன்று கொலைக் கருவியாக இருந்தது இன்று காப்பாற்றும் கருவி. ஆனால் அந்தக் குழாய் வழியே ஊற்ற வேண்டிய கஞ்சியில் பாலும் முட்டையும் எண்ணெயும் சேர்ப்பதற்கு அவரிடம் அடுப்பும் இல்லை, காசும் இல்லை. வடிகஞ்சிதான் போயிருக்கிறது. ஆறாவது வாரம் வரை காத்திராமல் எடை குறையத் தொடங்கியபோதே குழாய் வைத்திருக்கலாம் என்று நம் செவிலியர் தோழர் சொல்கிறார். குழாய் என்றாலே கடைசிக் கட்டம் என்று அஞ்சி நோயாளிகளும் மறுத்துவிடுகிறார்கள். அச்சம் வேண்டாம், அது வாய்ப்புண் ஆறும்வரை ஒரு மாற்றுப்பாதை, அவ்வளவுதான்.

இனி நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். தோழர் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் உண்டியல் ஏந்துகிறோம், நிதி திரட்டுகிறோம், மருத்துவமனைக்குப் போகிறோம். போகும்போது ஆப்பிளும் ஆரஞ்சும் ஒரு டப்பா சத்துபானமும் வாங்கிப் போகிறோம். ஆப்பிளில் புரதம் ஏறத்தாழ இல்லை. தோழரின் லாட்ஜ் அறையில் ஒரு கட்டத்தில் பதினோரு ஆப்பிள்கள் இருந்தன என்றார். மெல்ல முடியாத வாய்க்குப் பதினோரு ஆப்பிள்கள். அவற்றுள் இரண்டு நான் சொல்லி அனுப்பிய தோழர்கள் வாங்கிச் சென்றவை. அக்குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நகரில் உள்ள ஏதேனும் ஒரு தோழர் வீட்டிலிருந்து தினமும் ஒரு தூக்கில் பருப்புக் கூழும் இரண்டு அவித்த முட்டையும் போயிருந்தால் எத்தனை கிலோ மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கேரளத்தில் வாலிபர் சங்கத் தோழர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2017இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கிய 'ஹ்ருதயபூர்வம்' திட்டத்தில், வீடு வீடாகச் சொல்லி, ஒவ்வொரு வீட்டிலும் தமக்குச் சமைப்பதோடு கூடுதலாக ஒன்றிரண்டு பொதிச்சோறு வாழையிலையில் கட்டி வாங்கி, நோயாளிகளுக்கும் துணையிருப்போருக்கும் கொடுக்கிறார்கள். எந்த நாளுக்கு எந்தப் பகுதிக் குழு என்று முறை வைத்து நடக்கிறது. அதன் நுட்பம் பணத்தில் இல்லை. முன்பின் அறியாத நோயாளிக்காக ஒரு குடும்பம் காலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுகிறது. சென்னையில், பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள நமது பகுதிக் குழுக்களும் மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாதாரணப் பொதிச்சோறு இந்நோயாளிக்கு இறங்காது. காரமில்லாமல், கூழாக, முட்டையோ பருப்போ கட்டாயம் இருக்கும்படி அது வேண்டும். தன் தங்கையைப் புற்றுநோயில் இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறில் சில குடிசைகளில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் அது. ஒரு தூக்குக் கூழ் அந்த ஊருக்குப் பெரிய காரியம் அன்று.

அரசிடம் நாம் வைக்க வேண்டியவை வேறு. காசநோயாளிக்குக் கொடுப்பதைப்போல் சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொரு புற்றுநோயாளிக்கும் உணவு உதவி வேண்டும். பணமாக மட்டுமின்றிப் பருப்பு, முட்டை, பால் பவுடர், எண்ணெய் எனப் பொருளாகவும் வேண்டும், ஏனெனில் விலை ஏறும்போது பணம் சுருங்கிவிடும், பருப்பு சுருங்காது. தீவுகளிலிருந்து சிகிச்சைக்கு அனுப்பப்படுவோர் மெயின்லேண்டில் தங்க, சமையலறையோடு கூடிய விடுதி வேண்டும். திரும்பும் கப்பலில், பங்க் வகுப்பில் மூன்று நாள் படுத்து வரும் நோயாளிக்கு மென்மையான உணவு கேட்டால் கிடைக்க வேண்டும். தீவு நிர்வாகத்தின் ரேஷன் கடைகளில் எல்லோருக்கும் பருப்பு வேண்டும் என்பது பழைய கோரிக்கை. அதைப் புதுப்பிக்க இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தீவுகளின் ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாக ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. கடும் உழைப்பில் பசியை மறக்கப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் துறைமுகத் தொழிலாளியை எனக்குத் தெரியும். பசியை மறக்க எடுத்தது, பின்னர் சாப்பிடவே முடியாத நோயாக வந்து நிற்கிறது. சங்கக் கூட்டங்களில் இதைப் பேச நாம் கூச்சப்படுகிறோம். நம்மில் பலர் வாயிலும் அது இருப்பதுதான் காரணம்.

தோழருக்கு எழுதிய ஒரு பக்கக் குறிப்பை நகல் எடுத்துச் சங்க அலுவலக மேசையில் வைத்திருக்கிறோம். வங்காளி மொழியில் ஒரு தோழர் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். தெலுங்கிற்கு ஆள் வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை தோழர் வீட்டுக்குப் போனபோது வாசலில் எடை பார்க்கும் கருவி இருந்தது. மகளின் பள்ளி நண்பர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்ததாம். 47 கிலோ 300 கிராம். அடுத்த மாதம் மறுபரிசோதனைக்குச் சென்னைக் கப்பல் ஏறுகிறார். இம்முறை அவர் தங்குவதற்கு லாட்ஜ் வேண்டாம், அடுப்புள்ள ஒரு வீடு வேண்டும் என்று சென்னைத் தோழர்களுக்கு எழுதியிருக்கிறேன்.